காலையில் முரண்டு பிடிக்கும் டிராக்டர்



ராத்திரி இரண்டு உழவு மழை பெய்திருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கண்மாய்க்கு இன்னும் தண்ணீர் வந்து சேரவில்லை. ஆனாலும் மண்ணில் நல்ல ஈரம். நம் செவ்வல் நிலத்தில் வெயில் ஏறிவிட்டால் மேல் ஈரம் இரண்டு நாள் நிற்காது. விடியற்காலை ஐந்து மணிக்கு டிராக்டர் சாவியைத் திருப்புகிறீர்கள். வண்டி 'உர்ர்... உர்ர்...' என்று இரண்டு தடவை முனகிவிட்டு நின்று விடுகிறது. ஏழு மணிக்குத் தெருவே கூடித் தள்ளுகிறது. ஒன்பது மணிக்கு டவுனுக்கு ஆள் போகிறது. மெக்கானிக் வந்து சேர மத்தியானம் ஆகிவிடுகிறது. வாடகைக்கு வேறு வண்டி பிடிக்கலாம் என்றால், அன்றைக்குப் பார்த்து ஊருக்கெல்லாம் வண்டி வேண்டியிருக்கிறது. ஒரு காலைப் பொழுது போனால் சில சமயம் அந்த ஈரமே போன மாதிரிதான்.

காளையார்கோவில், இளையான்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஊர்களில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதனால் இன்றைக்கு உரம், பூச்சி மருந்து பற்றிப் பேசாமல் இந்த முரண்டு வண்டியைப் பற்றிப் பேசுகிறேன். டிராக்டரை வைத்துச் சொன்னாலும் டீசல் ஜீப், டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

காரணம் கேட்டால் பெரும்பாலோர் சொல்வது, "குளிருங்க, அதான் வண்டி எடுக்கலை" என்பது. குளிர் தேசங்களில் அது நியாயமான பேச்சு. அங்கே தண்ணீர் உறையும். டீசலே மெழுகு மாதிரி கட்டிக் கொள்ளும். நம் சிவகங்கைச் சீமையில் மார்கழி விடியலிலும் அந்த மாதிரிக் குளிர் கிடையாது. நல்ல நிலையில் உள்ள ஒரு டீசல் வண்டி நம்மூர்க் காலையில் கிளம்பியே ஆக வேண்டும். கிளம்பவில்லை என்றால் ஏதோ ஒரு கோளாறு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. குளிர் அதைக் கொஞ்சம் வெளியே காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கோளாறு எப்போது உள்ளே வந்தது? பெரும்பாலும் வண்டி சும்மா நின்றபோது. நம் மாவட்டம் மழையையும் கண்மாயையும் நம்பியிருக்கிற மாவட்டம். பல ஊர்களில் ஒரு போகம்தான். தை, மாசியில் அறுவடை முடிந்தால் பிறகு ஆடி, ஆவணி வரை டிராக்டருக்குப் பெரிய வேலை இல்லை. செங்கல் ஏற்ற, குப்பை அடிக்க என்று எப்போதாவது ஒரு நடை. மற்ற நாளெல்லாம் கொட்டகையிலோ வேப்பமரத்தடியிலோ நிற்கும். உழைக்கிற வண்டி தேயும். நிற்கிற வண்டிக்கு நோய் வரும். பாட்டரி இறங்குவது, டீசல் குழாயில் காற்றுப் புகுவது, டேங்கில் தண்ணீர் சேர்வது, வயரை எலி கடிப்பது எல்லாம் வண்டி நிற்கும்போது நடக்கிற காரியங்கள்.

நோயைக் கண்டுபிடிக்க முதலில் காது வேண்டும். ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம். சாவியைத் திருப்பியதும் என்ன சத்தம் வருகிறது என்று கவனியுங்கள். இன்ஜின் சுற்றவே இல்லையா, அல்லது 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நிற்கிறதா? சோம்பலாக முனகிச் சுற்றுகிறதா? இவை மின்சாரப் பக்கத்துக் கோளாறு. இன்ஜின் வழக்கமான வேகத்தில் நன்றாகச் சுற்றியும் பற்றிக் கொள்ளவில்லை என்றால் அது டீசல் பக்கம், அல்லது இன்ஜினுக்கு உள்ளே. இந்த இரண்டையும் பிரித்துக் கொள்ளாமல் கையை வைத்தால்தான் நல்ல பாட்டரியை மாற்றுவதும், நல்ல நாசிலைக் கழற்றுவதுமாகக் காசு போகிறது.

சோம்பலாகச் சுற்றினால் ஏன் பற்றாது என்பதையும் சொல்லி விடுகிறேன். டீசல் இன்ஜினில் தீப்பொறி போடுகிற பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறு, பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றுகிறது. ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897இல் ஓட்டிக் காட்டிய இன்ஜினின் தத்துவமே இதுதான். மெதுவாகச் சுற்றினால் நசுங்கிய காற்று பிஸ்டன் ஓரமாகக் கசிந்து போகும். சூடும் சுற்றியுள்ள இரும்பில் இறங்கிப் போகும். சைக்கிள் பம்பை மெள்ள அடித்தால் டியூபில் காற்று ஏறாதது போலத்தான்.

ஆகவே பாட்டரியிலிருந்து தொடங்குவோம். பாட்டரி பற்றி ஆராய்ச்சி செய்கிற பெரிய நிலையம் ஒன்று நம் மாவட்டத்திலேயே, காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25ஆம் தேதி பண்டித நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14ஆம் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது. சிக்ரி என்று சொன்னால் பஸ் கண்டக்டருக்கும் தெரியும். பாட்டரிகளும் உலோக அரிப்பும் அங்கே முக்கியமான ஆராய்ச்சித் துறைகள். நம் வண்டியின் பாட்டரி மூலையில் நடப்பதும் அந்த இரண்டுதான்.

பாட்டரிக்குள் ஈயத் தகடுகள் கந்தக அமிலத்தில் மூழ்கி இருக்கின்றன. மின்சாரம் செலவாகச் செலவாகத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் என்ற வெள்ளைப் பொருள் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து போகும். இறங்கின நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டுவிட்டால் அந்தப் படிவு கல் மாதிரி இறுகி விடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பாதிதான் பிடிக்கும். எதுவும் செய்யாமல் வைத்திருந்தாலும் பாட்டரியில் உள்ள மின்சாரம் நாளுக்கு நாள் குறையும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாகக் குறையும். வெப்பம் 10 டிகிரி கூடினால் பாட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்று ஒரு கணக்கே உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கிற பாட்டரியின் கதியை நினைத்துப் பாருங்கள். அது செத்தது கோடையில்; நமக்குத் தெரிய வருவது ஐப்பசியில்.

வேலை இல்லாத மாதங்களில் பாட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒரு முறை வெளியே கொடுத்துச் சார்ஜ் ஏற்றுங்கள். "வாரத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிஷம் ஓட்டி வைக்கிறோமே, போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. கிளப்புவதற்குச் செலவான மின்சாரமே அந்த ஐந்து நிமிஷத்தில் சரியாகத் திரும்பாது. இன்ஜினும் சூடு பிடிக்காமல் உள்ளே ஈரம் கட்டும். ஓட்டினால் அரை மணி நேரமாவது நன்றாக ஓட்ட வேண்டும்.

மூடி திறக்கிற பாட்டரியாக இருந்தால், தகடு முழுகி அதற்கு மேல் ஒரு விரல்கடை தண்ணீர் நிற்க வேண்டும். ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணீர் கூடாது. கேனில் வருகிற குடிதண்ணீரும் கூடாது. அது சுத்தம் செய்த தண்ணீர், ஆனால் உப்பு முழுக்கப் போன தண்ணீர் அல்ல. "கொஞ்சம் ஆசிட் விட்டால் சுருசுருப்பாக இருக்கும்" என்பது தப்பான யோசனை. ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழலை மெக்கானிக்கிடம் பார்த்திருப்பீர்கள். அதில் எல்லா அறையும் சுமார் 1.25 காட்டினால் சார்ஜ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். 1.20க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஐந்து அறை சரியாக இருந்து ஒரே ஒரு அறை மட்டும் மிகவும் குறைத்துக் காட்டினால் அந்த அறை கெட்டுவிட்டது. பாட்டரியை மாற்ற வேண்டியதுதான்.

வோல்ட் மீட்டர் இப்போது சின்னக் கடைகளிலும் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க ஓய்ந்த 12 வோல்ட் பாட்டரி காலையில் 12.6 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. செல்ப் அடிக்கும்போது ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் பாட்டரி பலவீனம். வண்டி ஓடும்போது பார்த்தால் 13.8 முதல் 14.5க்குள் காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சமே காட்டினால் பாட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை, அல்லது பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது.

மீட்டர் இல்லையா? ஹெட்லைட்டைப் போட்டுக் கொண்டு செல்ப் அடித்துப் பாருங்கள். விளக்கு அப்படியே அணைந்து மங்கினால் பாட்டரி காலி, அல்லது பாட்டரித் தலையில் இணைப்பு சரியில்லை. விளக்கு கொஞ்சமும் மங்காமல் எரிந்து, இன்ஜினும் சுற்றவில்லை என்றால் செல்ப் மோட்டாருக்கு மின்சாரம் போகவே இல்லை. அப்போது சாவி, ரிலே, இடையில் உள்ள வயர் இவற்றைப் பாருங்கள். இப்போது வருகிற டிராக்டர்களில் கிளட்சை மிதித்தால்தான் செல்ப் அடிக்கும். அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதையும் பாருங்கள். சில புதிய வண்டிகளில் சாவியைத் திருப்பும்போது விளக்கு தானாக அணையும். அவற்றில் இந்தச் சோதனை செல்லாது.

இனி ஒரு நடந்த கதை. காளையார்கோவிலுக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்கு மிளகாய்ப் பயிர் பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் என்னைக் களத்துக்குக் கூட்டிப் போகாமல் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். "மிளகா கெடக்கட்டும் சார். இத என்னன்னு பாருங்க" என்றார். வண்டி காலையில் முனகுகிறது. புதுப் பாட்டரி வாங்கிப் போட்டார். பத்து நாள் நன்றாக இருந்தது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. செல்ப் மோட்டாரைக் கழற்றி டவுனுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்படியும் தீரவில்லை. அடுத்ததாக இன்ஜினையே இறக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் பேசிக் கொண்டிருந்தபோது அவருடைய பேரன், பத்து வயசுப் பையன், வண்டிக்கு அடியில் குந்தியிருந்தவன், "ஐயோ அப்பச்சி, இந்த நட்டு சுடுது!" என்று கையை உதறினான்.

பையன் தொட்டது எர்த் கேபிள் முனை. பாட்டரியின் நெகட்டிவ் பக்கத்திலிருந்து வண்டியின் உடம்புக்கு வருகிற கேபிள் அது. கழற்றிப் பார்த்தால் நட்டுக்கு அடியில் பெயிண்டும் துருவும். மின்சாரம் போக இடமில்லாமல் அங்கேயே சூடாகத் தேங்குகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் முடுக்கினோம். சாவியைத் திருப்பினோம், முதல் சுற்றிலேயே கிளம்பியது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டரிக்கும் மோட்டாருக்கும் கொடுத்த பணத்தை மனசுக்குள் கூட்டிக் கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

அந்தப் பையன் செய்த சோதனையையே நீங்களும் செய்யலாம். இன்ஜின் முனகும்போது பத்து விநாடி செல்ப் அடித்துவிட்டு, சாவியை அணைத்து, இரண்டு பாட்டரித் தலைகளையும் எர்த் முனையையும் செல்ப் மோட்டாரில் கேபிள் சேருகிற இடத்தையும் புறங்கையால் மெள்ளத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அங்கேதான் கோளாறு. மீட்டர் இருந்தால், ஒரு முனையைப் பாட்டரி நெகட்டிவ் தலையிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைத்துச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

பாட்டரித் தலையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், ஆப்பச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றிப் பழைய பல் துலக்குகிற பிரஷால் தேய்க்க வேண்டும். பொங்கி நுரைத்து அடங்கும். பாட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடாத் தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. (சோடாவை அடுப்படியிலிருந்து சொல்லாமல் எடுத்துப் போய் வாங்கிக் கட்டிக் கொண்டால் நான் பொறுப்பல்ல.) பிறகு துடைத்து, முடுக்கி, மேலே வாஸ்லின் தடவி விடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அதன் பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடவே கூடாது; பாட்டரி வெடித்தால் அமிலம் கண்ணில்தான் தெறிக்கும்.

இனி மற்ற வகை: இன்ஜின் ஜோராகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. இப்போது கண்ணைப் புகைக்குழாய்ப் பக்கம் திருப்புங்கள். செல்ப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியப் போதுமான சூடு இல்லை என்று பொருள். புகையே வரவில்லை என்றால் டீசல் போகவில்லை. கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை. ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். நம்மூர்ப் புழுதிக்கு அது அடைத்துக் கொள்ள ரொம்ப நாள் ஆகாது.

புகை இல்லாத வண்டிக்கு முதலில் மூன்று சில்லறைக் காரியம் பாருங்கள். டேங்கில் டீசல் இருக்கிறதா? டேங்க் திருகு திறந்திருக்கிறதா? இன்ஜினை நிறுத்த இழுக்கிற கம்பியை நேற்று இழுத்துவிட்டு உள்ளே தள்ளாமல் விட்டிருக்கிறதா? சிரிக்காதீர்கள். இந்தக் கடைசிக் காரியத்துக்காக மெக்கானிக் பத்து மைல் வந்து, கம்பியை உள்ளே தள்ளி, கூலி வாங்கிக் கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

இவை சரியாக இருந்தால், பெரும்பாலும் குழாயில் காற்றுதான். மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பார்கள். டீசலை நசுக்க முடியாது; காற்றை நசுக்கலாம். குழாயில் ஒரு கொப்புளம் காற்று இருந்தால் பம்பு எவ்வளவு தள்ளினாலும் அந்தக் கொப்புளம்தான் சுருங்கி விரியும். நாசில் வழியே டீசல் பீய்ச்சாது.

காற்று எப்படிப் புகுந்தது? இங்கேதான் டிராக்டருக்கும் ஜீப், காருக்கும் வித்தியாசம். டிராக்டரில் டேங்க் பெரும்பாலும் மேலே இருக்கிறது. இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே சொட்டும், ஈரம் கண்ணுக்குத் தெரியும். ஜீப்பிலும் காரிலும் டேங்க் பின்னால் தாழ்வாக இருக்கிறது. இன்ஜின்தான் டீசலை மேலே உறிஞ்ச வேண்டும். இணைப்பு தளர்ந்தால் ஒரு சொட்டுக்கூட வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். வண்டி ஓடும்போது தெரியாது. ராத்திரி நிற்கும்போது குழாயில் உள்ள டீசல் மெள்ள மெள்ள டேங்குக்கே திரும்பி விடும். காலையில் குழாய் காலி.

இந்தச் சொட்டாத கசிவு என்னையும் முட்டாளாக்கியிருக்கிறது. முகாமுக்கு நாங்கள் போய் வந்த ஒரு பழைய ஜீப் தினம் காலையில் முரண்டு பிடிக்கும். டிரைவர் தள்ளிக் கிளப்ப வசதியாக ராத்திரி அதைக் கண்மாய்க்கரைச் சரிவில் நிறுத்துவார். ஒரு வாரம் போன பிறகுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. மூக்கு கீழ்நோக்கி நிறுத்திய நாட்களில் தள்ளவே வேண்டியதில்லை, சாவியிலேயே கிளம்புகிறது. இடமில்லாமல் மூக்கை மேல்நோக்கி நிறுத்திய நாட்களில் பாட்டரி தீருகிற வரை அடிக்க வேண்டியிருக்கிறது. கரையே கோளாறைச் சொல்லிவிட்டது. மூக்கு தாழ்ந்தால் பின்னால் உள்ள டேங்க் உயர்கிறது. டீசல் திரும்பி ஓடுவதில்லை. பிறகு குழாயைத் தடவித் தேடியதில், பில்டருக்குப் போகிற இணைப்பில் ஒரு செம்பு வாஷர் தட்டையாகி நசுங்கிப் போயிருந்தது. அதற்கு முன்னால் அந்த ஜீப்புக்கு இரண்டு தடவை நாசில் சர்வீஸ் ஆகியிருந்தது. நீங்களும் உங்கள் ஜீப்பை ஒரு ராத்திரி இப்படியும் ஒரு ராத்திரி அப்படியும் நிறுத்திப் பாருங்கள். கல் வைத்துச் சக்கரத்தைக் கட்டுவதை மட்டும் மறக்க வேண்டாம்.

காற்றை எடுக்கிற முறை பழைய மாதிரி பம்பு உள்ள வண்டிகளில் கடினமில்லை. டேங்க் திருகைத் திறந்து வையுங்கள். பில்டரின் தலையில் உள்ள ஏர் ஸ்குரூவை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தி, பீட் பம்பில் உள்ள கை லீவரை அடியுங்கள். முதலில் நுரை நுரையாக வரும். நுரை நின்று டீசல் ஒரே சீராக வரும்போது, அடித்துக் கொண்டே ஸ்குரூவை முடுக்குங்கள். இரண்டு பில்டர் இருந்தால் டேங்குக்கு அருகில் உள்ளது முதலில், அடுத்தது பிறகு. அதற்கப்புறம் பெரிய பம்பில் உள்ள ஸ்குரூ. இன்னும் கிளம்பவில்லை என்றால் நாசிலுக்குப் போகிற குழாய்களின் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். டீசல் விட்டு விட்டுப் பீய்ச்சியதும் முடுக்கிவிடுங்கள். அப்போது முகத்தையும் கையையும் அருகில் கொண்டு போகக் கூடாது. நாசிலிலிருந்து பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தினது போலத்தான் தெரியும், ஆனால் கையையே இழக்க நேரலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லை என்று வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காற்றை எடுத்துவிட்டால் கோளாறு தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். காற்று வந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது. நாளைக் காலையும் இதே பாடுதான். வாஷர்களைக் கழற்றினால் புது வாஷர் போடுங்கள். கிண்ணத்தின் ரப்பர் விளிம்பு, ரப்பர் குழாயின் வெடிப்பு, கிளிப் இவற்றைப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் பில்டருக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். கொப்புளம் ஓடுவது கண்ணுக்கே தெரியும். பார்த்த பிறகு அதை எடுத்து விட்டுச் சரியான குழாயை மாட்டிவிட வேண்டும்.

டீசலில் தண்ணீர் சேர்வதும் நிற்கும்போது நடப்பதுதான். பாதி காலியான டேங்கில் உள்ள காற்றின் ஈரம் ராத்திரி உட்சுவரில் வியர்த்து இறங்கும். தண்ணீர் கனம், அடியில் போய்த் தங்கும். வேலை முடிந்த சாயங்காலமே டேங்கை நிரப்பி வைத்தால் இது குறையும். பேரலில் டீசல் வாங்கி வைக்கிறவர்கள் பேரலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, தணிந்த பக்கத்தில் வண்டல் தங்கும்படி விட்டு, உயர்ந்த பக்கத்திலிருந்து எடுங்கள். அடி டீசலைக் கலக்கி ஊற்ற வேண்டாம். பில்டர் கிண்ணத்தின் அடித்திருகை விதைப்புக் காலத்தில் வாரம் ஒரு தடவை தளர்த்தி, தண்ணீர் போய் டீசல் வருகிற வரை விடுங்கள்.

வெள்ளைப் புகை அடித்துக் கொண்டே எடுக்காத வண்டிக்கு வேறு வைத்தியம். ஹீட்டர் உள்ள வண்டியானால் அது சூடாகிறதா என்று பாருங்கள். கார், ஜீப்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் இருக்கும். ஒன்றிரண்டு கெட்டால் காலையில் அந்தச் சிலிண்டர் மட்டும் பற்றாமல் உடம்பு ஆடிக் கொண்டு கிளம்பும். ஹீட்டர் சரியென்றால், வால்வு இடைவெளி, தேய்ந்த ரிங், நாசில் ஆகியவற்றை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பு மட்டும் சொல்கிறேன்: காலையில் எடுக்காமல், சூடானபின் எத்தனை தடவை நிறுத்தினாலும் சட்டென்று கிளம்பினால் கம்ப்ரஷனையோ ஹீட்டரையோ காற்றுக் கசிவையோ சந்தேகியுங்கள். மாறாக, காலையில் கிளம்பி, சூடானபின் முரண்டு பிடித்தால் டீசல் பம்பு தேய்ந்திருக்கலாம். இந்த இரண்டில் உங்கள் வண்டி எது என்று சொன்னாலே மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் பாட்டரி, எர்த் பற்றிச் சொன்னதை அப்படியே எடுத்துக் கொள்ளலாம். அதற்கு மேல் பிளக்கும், மழைக்காலத்தில் பிளக் வயரில் ஏறும் ஈரமும்தான். நின்ற வண்டியின் மூடியைத் திறந்தால் எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி, செய்யக் கூடாதவை. இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

சாவியில் வரவில்லை என்றதும் சில இளைஞர்கள் டிராக்டரின் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் நின்று கொண்டு, செல்ப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஸ்குரூ டிரைவரால் சேர்த்து வைக்கிறார்கள். பொறி பறக்கும், இன்ஜின் கிளம்பும். முதல் நாள் சாயங்காலம் கியரில் நிறுத்தியிருந்தால் என்ன ஆகும்? கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் எல்லாவற்றையும் அந்த ஸ்குரூ டிரைவர் தாண்டி விட்டது. வண்டி கிளம்பின அந்த விநாடியே நகரும். நிற்கிறவர் சக்கரத்துக்கு முன்னால். நகர நேரம் இருக்காது. பல நாடுகளில் டிராக்டர் விபத்துகளில் ஆட்கள் செத்த வழிகளில் இது ஒன்று. இந்த வித்தையை நானும் ஒரு காலத்தில் கற்றுக் கொண்டு, பத்துப் பேர் நடுவில் பெருமையாகச் செய்து காட்டியிருக்கிறேன். அன்று கியர் நியூட்ரலில் இருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டுச் செய்யவில்லை. சீட்டில் உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, சாவியில்தான் கிளப்ப வேண்டும்.

காற்று இழுக்கிற குழாயில் தீப்பந்தம் காட்டுவது, பெட்ரோல் நனைத்த துணி வைப்பது, ஸ்பிரே அடிப்பது இவையும் வேண்டாம். ஹீட்டர் உள்ள வண்டியில் ஸ்பிரே அடித்தால் அது நேரம் கெட்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனை உடைக்கும். செல்பைப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். ஒரு நிமிஷமாவது ஆறவிட்டு மறுபடி அடியுங்கள். ஆயில் இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றுகிறவர்கள், கட்டை விரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள். கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைத்தால் விரல் தப்பும்.

இன்னொன்று. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களிலும், 2023 ஜனவரி முதல் புகைக் கட்டுப்பாட்டு விதி கடுமையாக்கப்பட்ட 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்கள் பலவற்றிலும் காமன் ரயில் என்ற முறை இருக்கிறது. அதில் குழாய் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேலே போகும். மேலே சொன்னபடி நாசில் நட்டைத் தளர்த்தும் வேலையை அந்த வண்டிகளில் செய்யவே கூடாது. பாட்டரி, எர்த், பில்டர் தண்ணீர் இவற்றோடு நிறுத்திக் கொண்டு கம்பெனி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அவரைப் போனில் கூப்பிடும்போது, "வண்டி எடுக்கலைங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்ஜின் சுற்றுகிறதா, எந்த வேகத்தில், புகை வருகிறதா, என்ன நிறம், சூடானபின் எடுக்கிறதா, எத்தனை நாளாக நின்றது. இந்த நான்கையும் சொல்லுங்கள். எந்தச் சாமானைப் பையில் போட்டுக் கொண்டு பஸ் ஏற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டாம் நடை மிச்சம்.

ஆடி பிறக்க முன்னால் ஒரு சாயங்காலம் ஒதுக்கி, எர்த் முனையையும் பாட்டரித் தலையையும் தேய்த்து வையுங்கள்.